பெனல் நானாவின் கழுதை வேலி

கல்பிட்டியில் சும்மா இருக்கத் தெரியாதவர்களுக்குப் போட்டி வைத்தால் முதல் பரிசு பெனல் நானாவுக்குத்தான். என்ன, அதை வாங்கும்வரை மேடையருகே காத்திருக்க அவரால் முடியாது.

வெங்காயத் தோட்டங்களில் தண்ணீர் மோட்டாருக்குச் சூரிய மின்சாரப் பெனல் பூட்டுவது அவர் தொழில். காற்றில் விழுந்து வெடித்த பெனலைக்கூட வீச மனம் வராது. எங்கள் ஊர்க் கழுதைகளோ மனிதரைவிட உரிமையோடு தோட்டங்களுக்குள் நுழைபவை. ஒரு நாள் அவை என் கீரைப் பாத்தியை மேய்ந்ததைக் கண்டவர், அன்று பின்னேரமே உடைந்த பெனல்களை வரிசையாக நட்டு வேலி கட்டிவிட்டார். கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்த கழுதைகள் மிரண்டு ஓடின. ஒரே மாதத்தில் ஏழு தோட்டங்களில் பெனல் வேலி. சந்தியில் நின்றால், "நம்மட நானாட மூளை!" என்ற கதைதான்.

மாரி மழை வந்தது. வேலியோரக் கீரை மட்டும் மஞ்சளித்துச் சுருண்டது. எல்லோரும் உரத்தைத் திட்டினார்கள். என் மனைவி கண்ணூறு என்றாள். நானா மட்டும் பெனலின் வெடிப்புகளைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இதுக்குள்ள கம்பியெல்லாம் ஈயத்தால பத்தவச்சிக்குது. மழை அத கழுவி மண்ணுக்கு எறக்குதோ?"

மறுநாள் அவர் வீட்டு மதிலில் பத்துத் தேங்காய்ச் சிரட்டைகள். எல்லாவற்றிலும் பயறு. ஐந்துக்குக் கிணற்றுத் தண்ணீர், ஐந்துக்குப் பெனல் துண்டு ஊறிய தண்ணீர்.

அந்த வாரம் பக்கத்து வீட்டில் கல்யாணம். சஹன் என்ற ஒரே பெரிய தட்டுச் சோற்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம். ஒன்றாகத் தொடங்கி ஒன்றாகத்தான் எழும்ப வேண்டும். நானா இரண்டு பிடி சாப்பிட்டார். "பயற பாத்துட்டு வாறேன்" என்று போய்விட்டார். ஐந்து பேர் கை காயக் காத்திருந்தோம். வந்தார், ஒரு பிடி, மறுபடி போனார். கடைசி இனிப்பான வட்டிலப்பம் வருவதற்குள் பயறு காய்த்துவிடுமா என்ன! மூன்றாம் முறை சாரத்தைப் பிடித்து இழுத்தோம். அதையும் உதறிக்கொண்டு ஓடினார்.

திரும்பியபோது கையில் இரண்டு சிரட்டை. ஒன்றில் பயறு தளதளவென்று நின்றது. பெனல் தண்ணீர் ஊற்றிய மற்றதில் வேர் கறுத்து, முளை குனிந்து கிடந்தது. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி உரத்தோடு போயிருக்கும், அவர் பெயரும் தப்பியிருக்கும்.

"உரத்த ஏசாதீங்க. பிழை நான் செஞ்சது. ஏழு வேலியயும் நானே கழட்டுறேன். வேலியோரத்துக் கீரய ஒத்தரும் தின்னவாணாம்."

"அப்ப கழுதைக்கு?" என்றார் யாரோ.

"நான் காவல் ஈக்குறேன்."

சொன்னபடி கழற்றினார். வேலியோர மண்ணையும் அள்ளினார். பெனல்களை மழை படாத கொட்டிலில் பூட்டி வைத்தார். சந்தியில் அவர் பெயர் 'கழுதை நானா' ஆனது. அதையும் கேட்டுக்கொண்டு, தினமும் காலையில் தடியோடு ஏழு தோட்டமும் சுற்றுகிறார்.

என் பாத்தியருகே அவர் கழுதைகளை அதட்டும் சத்தத்தில்தான் இப்போது எனக்கு விடிகிறது. அது கேட்காத நாளில் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு அவர் வீட்டுக்கு ஓடுகிறேன்.