குடித்த குருவியும் கிள்ளான் மாப்பிள்ளையும்

பிரிக்பீல்ட்ஸ்,
13.8.1934

கிள்ளானில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் கிரிகரி அவர்களுக்கு ரபேல் எழுதுவது. சேசு மரி சூசை தயவால் இங்கு எல்லாரும் சுகம், என் இடது கணுக்கால் நீங்கலாக.

நேற்று மாலை என் வீட்டில் கூடிய குடும்பச் சபை, 'ஸ்டர்டி' என்ற ஆங்கிலச் சொல்லை இனி இவ்வீட்டில் ஒருவரும் உச்சரிக்கலாகாது என்று ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. சபையில் மற்ற இருவரும் பேசவில்லை.

என் மகள் வெரோனிகாவுக்கு நீங்கள் பார்த்த மாரிஸ், சரக்குக் கொட்டகையில் வேலை செய்கிறார் என்பதைவிட, அவருடைய வெள்ளைக்கார துரை நற்சான்றில் 'ஸ்டர்டி' என்று எழுதிக்கொடுத்ததைத்தானே பெரிதாகச் சொன்னீர்கள்? "திடமான ஆளு, சீக்கிரத்துல தேயமாட்டான்" என்று பொருளும் சொன்னீர்கள். முப்பது வருஷம் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த நான், ஒரு சொல்லின் பூர்வீகம் விசாரிக்காமல் பெண்ணைக் கொடுப்பேனா? வாசகசாலையில் பெரிய அகராதியைப் புரட்டினேன். நீங்கள் சொன்ன பொருள் பிற்பாடு வந்தது. ஆதியில் பிரெஞ்சுக்காரன் வாயில் அது மதிமயங்கியவனைக் குறித்ததாம். அதற்கும் முன்னே லத்தீனில் ஒரு குருவியின் பெயரிலிருந்து பிறந்திருக்கலாம் என்கிறார்கள். புளித்த திராட்சையைத் தின்றுவிட்டுத் தள்ளாடும் குருவி. போதாததற்கு, ஆடுகள் தலைசுற்றி வட்டமடிக்கும் வியாதிக்கும் அதே பெயர்.

வீட்டில் விவரத்தைச் சொன்னேன். "குருவி குடிச்சதுக்கு அவரை ஏம்பா கேக்குறீங்க?" என்றாள் வெரோனிகா. உங்கள் தங்கை மகதலேனாவோ, "உங்க பேருக்கு அகராதியில அர்த்தம் பாத்தா எங்கப்பா என்னைக் கட்டிக்குடுத்தாரு?" என்றாள்.

ஆகவே சனிக்கிழமை மாரிஸை வரவழைத்து, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் வண்டி ஓடாத தண்டவாளத்தின் மேல் நடந்து காட்டச் சொன்னேன். குடிகாரன் அதில் நிற்கமாட்டான் என்பது எங்கள் ரயில்வேக்காரர்களின் சோதனை. அவர் சிக்னல் கம்பம் வரை போய், ஒரு தடவைகூடக் கீழே கால் வைக்காமல் திரும்பினார். இத்தனை ஒழுங்கே எனக்குச் சந்தேகத்தை உண்டாக்கியது. பாதம் எப்படி வைக்க வேண்டும் என்று காட்ட நானே ஏறினேன். விழுந்தேன்.

"அசையாதீங்க மாமா. முதுகுல ஏறிக்குங்க லா," என்றார் அவர்.

என் எடை உங்களுக்குத் தெரியும். அரிசி மூட்டையைச் சுமப்பதுபோல் என்னைச் சுமந்து, வழியில் எங்கும் இறக்காமல், வாசலுக்கு வாசல் சனம் நின்று பார்க்க வீடு சேர்த்தார். சற்றுத் தள்ளாடினார் என்பது என் அபிப்பிராயம். உங்கள் தங்கை அதை மறுக்கிறாள்.

எனவே இந்தச் சம்பந்தம் வேண்டாம். பிள்ளை வீட்டாருக்கு நயமாகத் தெரிவித்துவிடுங்கள். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தேவமாதா துணையிருப்பாளாக.

இப்படிக்கு,
ரபேல்

பி.கு.: காலின் காரணமாக நேற்றுக் காலைப் பூசைக்கு நான் போகவில்லை. அங்கே வெரோனிகாவுக்கும் மாரிஸுக்கும் கல்யாணம் என்று சபையறிய அறிவிக்கும் முதல் ஓலையைச் சாமியார் வாசித்தாகிவிட்டதாம். உங்கள் தங்கை இப்போதுதான் சொல்கிறாள். என் காலுக்குத் தைலம் தேய்க்க வந்திருக்கும் மாரிஸ் மாலை ரயிலில் கிள்ளானுக்குத் திரும்புகிறார். இக்கடிதத்தை அவரிடமே கொடுத்திருக்கிறேன்.