முகம் பார்க்கும் கத்திக்கு ஓர் உறை

பேரன்பும் பெரும் பொறுமையும் (முக்கியமாகப் பொறுமையும்) நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அத்தான் வணக்கத்துடனும் லேசான நடுக்கத்துடனும் எழுதுவது. இங்கே நான், தங்கள் அக்கா, தங்கள் மருமகள் மூவரும் சுகம். அங்கே தாங்களும் தங்கள் பட்டறையும் சுகம்தானே? தாங்கள் அனுப்பிய கத்தியும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த இடத்தில் பேனா கொஞ்சம் மக்கர் செய்கிறது. இருபது வருடமாக வாடா போடா என்று கூப்பிட்ட மனுஷன் திடீரென்று ‘தாங்கள்’ போடுகிறானே என்று இந்நேரம் நீ அனுப்பியவர் பெயரை இரண்டு தடவை திருப்பிப் பார்த்திருப்பாய். பார், உனக்கும் கொஞ்சம் பழக்கமாகட்டும். முதலில் கையிலிருக்கும் சுத்தியலைக் கீழே வை. உட்கார். ஒரு டம்ளர் தண்ணீர் குடி. இனி படி.

போன வெள்ளிக்கிழமை உன் பார்சல் வந்தது. நான்கு சுற்றுத் துண்டுக்குள் கத்தி, கத்தியோடு உன் சீட்டு: ‘அத்தான், மூணு நாள் தேய்ச்சது. முகம் பார்க்கலாம். ஒரு கீறல் விழுந்தாலும் நான் மனுஷனா இருக்க மாட்டேன்.’ முகம் பார்த்தேன். முன் மண்டையில் எவ்வளவு முடி மிச்சம் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. அது கத்தியின் குற்றம் இல்லை. விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை மச்சான். காட்டோரம் கூடாரம் போட்டு, ஏசி அறைக்காரர்களைக் கூட்டி வந்து தரையில் படுக்கவைத்து விறகு பிளக்கவைக்கிறாரே, அந்த முகாம்காரர், செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு என் வீட்டுக்கே வந்து மாதிரியைப் பார்ப்பதாகப் பேச்சு; பிடித்தால் முப்பது கத்தி உனக்கு, முப்பது உறை எனக்கு; பிடிக்காவிட்டால் பிளாஸ்டிக் உறையோடு வரும் மிஷின் கத்திக்குப் போய்விடுவார். உன் உலை ஆறு மாதமாக வாரத்தில் இரண்டு நாள்தான் எரிகிறது என்பதும் எனக்குத் தெரியும். உன் அக்கா சொன்னாள். என்னிடம் சொல்லக்கூடாது என்று நீ அவளிடம் சத்தியம் வாங்கியதையும் சேர்த்தே சொன்னாள்.

ஆகவே பயபக்தியோடு வேலையை ஆரம்பித்தேன். செருப்பு அடிப்பாகத்துக்குப் போடுகிற மாதிரி தடித்த தோல், அளவெடுத்து வெட்டி, கத்தியின் கூர்முனை தையலை அறுக்காமலிருக்க நடுவில் ஒரு தோல் பட்டை கொடுத்து, ஓட்டை போட்டு, இரண்டு ஊசி, மெழுகு போட்ட நூல், இடமிருந்து ஒன்று வலமிருந்து ஒன்று என்று தைத்து முடித்தேன். அதுவரை பிரமாதம். பிறகு தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கத்தியை உள்ளே செருகி, விரலால் அழுத்தி அழுத்தி அதன் வடிவத்துக்குக் கொண்டுவந்து அப்படியே காயவிட வேண்டும். ஈரம் படாமலிருக்க கத்தியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒரு சுற்றுச் சுற்றுவது வழக்கம். நீ எழுதிய சீட்டு கண்முன்னே நின்றதா, நான் ஒன்பது சுற்றுச் சுற்றினேன். சமையலறையிலிருந்த ரோல் முழுவதும் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காய்ந்ததும் தாளை உரித்துவிட்டுக் கத்தியைப் போட்டேன். உறை, தலையணை உறையாகியிருந்தது. சரி, பரீட்சை செய்து பார்ப்போம் என்று தலைகீழாகப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினேன் பார், சொய்ங் என்று இறங்கி, என் கட்டைவிரலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி, உன் அக்கா சாயங்காலத்துக்கு வைத்திருந்த பூசணிக்காயைச் சரிபாதியாகப் பிளந்தது. “என்னங்க, காய் வெட்டித் தாங்கன்னு ஒரு வருஷமா கேக்கிறேன், இன்னைக்குத்தான் கை வந்துச்சா?” என்றாள். உன் கத்தி நன்றாக வெட்டுகிறது என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலை இரண்டாவது உறை. பிளாஸ்டிக் தாள் இல்லை. கடைக்குப் போய் வாங்கியிருக்கலாம்தான். போனேன். போகிற வழியில் மாடிவீட்டுக்காரர் தன் சம்பந்தி வீட்டுச் சண்டையை ஆரம்பித்தார். அதில் பாதியில் எழுந்து வர எவனாலும் முடியாது, அவ்வளவு சுவாரசியம், உனக்குத் தனிக் கடிதத்தில் எழுதுகிறேன். கதை முடிந்ததும் எதற்கு வெளியே வந்தோம் என்பது மறந்து நேராக வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஒரு நாள்தானே, என்ன ஆகிவிடும் என்று, ஈரத்தோலுக்குள் உன் கத்தியை வெறும் உடம்போடு இறக்கி, மின்விசிறிக்குக் கீழே படுக்கவைத்தேன்.

மச்சான், சுத்தியல் கீழேதானே இருக்கிறது?

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு உருவினேன். நீ முகம் பார்க்கலாம் என்று சொன்ன இடத்தில் மழை பெய்யப்போகிற வானம் தெரிந்தது. பிடியிலிருந்து முனைவரை கருநீலம். நடுநடுவே சாம்பல் திட்டு. நான் அழுத்திய இடங்களிலெல்லாம் வட்ட வட்டமாக என் விரல்கள், போலீஸ்காரர் பார்த்தால் வேறு சாட்சியே கேட்கமாட்டார். துணியால் தேய்த்தேன், போகவில்லை. எண்ணெய் தடவினேன், இன்னும் அழகாகக் கறுத்தது. உன் மருமகள் எட்டிப் பார்த்து, “அப்பா, இது துரு இல்ல. தோல் பதப்படுத்துற மரப்பட்டைச்சாறும் இரும்பும் ஈரத்துல சேர்ந்தா இப்படித்தான் கறுக்கும். ஸ்கூல் புள்ளைக்கே தெரியும்” என்றாள். உன் அக்கா கத்தியைக் கையில் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, “எந் தம்பி மூணு நாள் தேய்ச்சானே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் அந்த அமைதியை உட்கார்ந்து அனுபவித்திருப்பேன்.

இதற்குள் முகாம்காரர் வந்துவிட்டார், பத்தேகாலுக்கே. கதவளவு ஆள், வாசலில் குனிந்துதான் நுழைந்தார். நான் அவசரமாகக் கத்தியை உறைக்குள் தள்ளினேன். ‘டக்’கென்று உட்கார்ந்தது. அவர் உறையை வாங்கித் தையலை நகத்தால் நெருடினார், டிச் பட்டனைப் போட்டு எடுத்தார், தன் பெல்ட்டில் மாட்டி வரவேற்பறையில் நான்கு தடவை குந்தி எழுந்தார். பிறகு கழற்றி, தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினார். அசையவில்லை. இன்னும் ஓங்கிக் குலுக்கினார். கல்மாதிரி இருந்தது.

“உறைன்னா இது உறை!” என்றார்.

“அவ்வளவுதாங்க, இதுக்கு மேல பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. காபி சாப்பிடுறீங்களா?” என்றேன் நான்.

“கத்தியப் பாக்க வேணாமா?”

“உறைக்குள்ள இருக்கிற வரைக்கும் கத்தி ரொம்ப நல்லா இருக்குங்க.”

உருவினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நிமிர்த்தினார், சாய்த்தார். எனக்கு முப்பது உறையும் உன் உலையும் ஒன்றாகக் கண்ணில் வந்து போயின. “இது என்னங்க?” என்றார். நான் மறைக்கவில்லை மச்சான். எல்லாம் என் தவறு, என் மைத்துனன் கண்ணாடி மாதிரி அனுப்பினான், நான்தான் கெடுத்தேன் என்று நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொண்டேன்.

அவர் சிரித்தார் பார், அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது! “பளபளன்னு இருக்கிற கத்தியக் குடுத்துட்டு நான் படற பாடு எனக்குத்தாங்க தெரியும். வெயில்ல எடுத்தா எதிர்ல நிக்கிறவனுக்குக் கண்ணு அவிஞ்சு போவுது. வர்றவங்க பாதிப்பேரு விறகு பிளக்கறத விட்டுட்டு அதுல தல சீவிக்கிட்டு நிக்கிறாங்க. கத்தின்னா இப்படி வேலை பாத்த களை இருக்கணும். முப்பதும் இதே மாதிரி, இந்த வட்டம் திட்டு எல்லாத்தோடயும் வேணும். அடுத்த வாரம் வியாழக்கிழமை வந்து அட்வான்ஸ் தரேன்” என்று சொல்லி, மாதிரியை என்னிடமே விட்டுவிட்டு, மறுபடி குனிந்து வெளியே போனார்.

ஆக, மச்சான், முப்பதும் நமக்கே. உன் உலை இனி வாரம் ஏழு நாளும் எரியும். உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: தேய்க்காதே. சும்மா இருக்க முடியாமல் அடுத்த கத்திகளையும் நீ தேய்த்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். அந்தத் துணியைத் தூக்கி எறி. மனசு வலிக்கும். உன் மூன்று நாள் உழைப்பைவிட என் ஒரு நாள் மறதிக்கு மதிப்பு அதிகம் என்று உலகம் முடிவு செய்துவிட்டது, நாம் என்ன செய்ய முடியும்?

உன் கை நோகாமல், உலை அணையாமல், கோபம் மட்டும் சீக்கிரம் அணைந்து நீ பல்லாண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகையில் உன் அக்கா வந்தாள். முகத்தில் அப்படியொரு ஆனந்தம். எலுமிச்சம்பழமும் சாம்பலும் போட்டு மூன்று மணி நேரம் தேய்த்து, உன் கத்தியைப் பழையபடி கண்ணாடியாக்கிவிட்டாளாம். வட்டம், திட்டு, ஒன்றும் மிச்சமில்லை. முப்பது கத்திக்கும் மாதிரி அது ஒன்றுதான் என்பதை அவளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு சின்னத் திருத்தம். முகாம்காரரிடம் நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொண்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? ஒப்புக்கொள்ளத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள், அந்தக் கறுப்பு உன் சொந்த வித்தை, ஆறு வருட ஆராய்ச்சி, மகனிடம்கூட நீ சொல்வதில்லை என்று வாயே சொல்லிவிட்டது. அடுத்த வாரம் வியாழக்கிழமை அவர் நண்பர்கள் நாலு பேரோடு வருவது அதைக் கண்ணால் பார்க்கத்தான். நீ செய்து காட்டுவாய் என்றும் சொல்லியிருக்கிறேன். முந்தின நாள் புதன்கிழமையே புறப்பட்டு வந்துவிடு. தோலை நான் ஊறப்போட்டு வைக்கிறேன்.