அட்டைக்கு முதுகைக் காட்டிப் படித்த தையற்காரர்

அன்புள்ள அத்தானுக்கு மைத்துனன் வணக்கம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் கண் பரிசோதனைக் கடையின் லைசென்ஸைப் புதுப்பிக்கும் முன் கடையைப் பார்க்க, லைசென்ஸ் கொடுக்கும் வாரியத்திலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மா நேற்று வந்தார். லென்ஸ் பெட்டியைப் பார்த்தார், சரி; பதிவேட்டைப் பார்த்தார், சரி; சுவரில் இருபத்திரண்டு வருஷமாகத் தொங்கும் எழுத்து அட்டையைப் பார்த்தார், அதற்கு நேர் எதிரே ஆட்கள் காத்திருக்கும் பெஞ்சையும் பார்த்தார். "எவ்வளவு நேரமா இவங்க அதையே பார்த்துக்கிட்டு இருக்காங்க?" என்றார். "அதிகமில்லீங்க, ஒரு மணி நேரம்தான்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உடனே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நம்ம தெருத் தையற்காரரை எழுப்பி, அட்டைக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்து, "கடைசி வரியைப் படிங்க" என்றார். அந்த மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு "ட, ந, ய, ப, வ" என்று கணீரென்று ஒப்பிக்கிறார் அத்தான்! அதோடு விட்டார்களா? "ப இல்லப்பா, அங்க ம வரும்" என்று பெஞ்சிலிருந்து தபால்காரர் திருத்துகிறார்!

அந்தம்மா பையிலேர்ந்து வேற அட்டையை எடுத்து மாட்டினாங்க. தபால்காரர் முதல் வரியைத் தாண்டலை. தையற்காரருக்கு அட்டை எந்தச் சுவத்துல இருக்குன்னே தெரியலை! போன மாசம்தான் அவருக்குப் 'பார்வையில் பழுதில்லை'ன்னு எழுதிக் கொடுத்தேன். "நீங்க கண்ணைச் சோதிக்கிறீங்களா, மனப்பாடத்தையா?"ன்னு கேட்டாங்க. லைசென்ஸை நிறுத்தி வெச்சாச்சு. நான் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் ஒண்ணும் செல்லாதாம். திங்கட்கிழமை விசாரணை. என் தொழிலைப் பத்தி நல்லதாச் சொல்ல ஒருத்தராவது நேர்ல வரணும், இல்லேன்னா கடையை இழுத்து மூட வேண்டியதுதான். உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா? கடிதம் கண்டதும் காரை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுங்க.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
லைசென்ஸ் இழந்து நிற்கும் மைத்துனன்

பி.கு.: கவரை ஒட்டும்போதுதான் உறைச்சது. செல்லாத சான்றிதழ்ப் பட்டியல்ல முதல் ஆளே நீங்கதான். காரைத் தொடாதீங்க. பஸ்ஸும் வேண்டாம், உங்க ரூட்டு டிரைவர் பதினோராவது ஆள். அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தே வந்துடுங்கன்னு எழுத வந்தேன், ரெண்டாவது ஆள் அக்கா. ஐயோ, வீட்டை விட்டு யாரும் வெளியே வராதீங்க அத்தான். கடை போனாப் போகுது.