கருமாதி வீட்டில் மண்ணெண்ணெய் பம்பு

எந்தப் பழைய பொருளைப் பார்த்தாலும் அதன் வயதைச் சொல்லியாக வேண்டும் என்ற வியாதி ஒரு காலத்தில் எனக்கு இருந்தது. யாரும் கேட்கக்கூட வேண்டியதில்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பழைய புத்தகக் கடையில் கைபம்புகளைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று வாங்கியிருந்தேன். எண்ணெய், மண்ணெண்ணெய் இறைக்கிற பம்புகள் எந்தக் காலத்தவை, எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று படத்தோடு விளக்கியிருந்தார்கள். புத்தகத்தில் பின்பாதியைக் காணோம். (என் ஞானத்தின் பின்பாதியும் அதோடு போய்விட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.)

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகி ஒரு தீபாவளிகூட வராத நிலையில், மாமனார் இறந்துபோனார். விக்கிரமசிங்கபுரத்தில் மண்ணெண்ணெய்க் கடை வைத்திருந்தவர். வீட்டின் முன்னறைதான் கடை. மில் தொழிலாளர் வீட்டு அடுப்புகளில் பாதி அவர் ஊற்றிக் கொடுத்த எண்ணெயில்தான் எரிந்தன.

கருமாதி அன்று விடாத மழை. வந்தவர்கள் நனைந்த வேட்டியோடு சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். துக்கம் போதாதென்று ஒரு சண்டையும் நடந்துகொண்டிருந்தது. காரணம், முன்னறையில் பீப்பாய் மேல் பொருத்தியிருந்த இரும்புக் கைபம்பு. மாமனாரின் தம்பி அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்தார்.

"எங்க அய்யா கடை போட்டப்ப வாங்குனது இது. எனக்கும் பாத்தியம் உண்டுலே."

என் மனைவியின் தம்பி செல்வம் விடவில்லை. "இல்ல சித்தப்பா. அப்பா தனியா நின்ன பெறகு வாங்குனது. இங்கனதான் கிடக்கும்."

அத்தையை, அதாவது என் மாமியாரைக் கேட்டார்கள். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்தே அங்கே ஒரு பம்பு இருந்தது, இடையில் மாற்றினாரா என்று தெரியாது என்றார். இரண்டு பேரும் இரும்புக்காகச் சண்டை போடவில்லை, செத்தவர் யாருக்கு எவ்வளவு சொந்தம் என்றுதான் போட்டார்கள். இது இப்போது புரிகிறது. அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஆகா, வயது சொல்ல ஒரு பம்பு!

"நான் பாத்துச் சொல்லுதேன்" என்று எழுந்தேன்.

மனைவி கோமதி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இரிங்க. மொதல்ல பந்தி முடியட்டும்."

நான் ஏன் கேட்கிறேன்? பம்பைச் சுற்றி வந்தேன். தட்டிப் பார்த்தேன். மோந்துகூடப் பார்த்தேன். "சதுரத் தலை போல்ட்டு. சுதந்திரத்துக்கு ரொம்ப முந்தினது" என்று தீர்ப்புச் சொன்னேன்.

சின்ன மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, எங்க அய்யாவையே கண்ணுல காட்டிட்டீக." செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மேதைகள் ஆதாரம் காட்டாமல் விடுவார்களா? வெள்ளைக்காரன் கால அளவான 'காலன்' என்று பொறித்திருக்கும், காட்டுகிறேன் என்று சாவிக்கொத்தால் பச்சைப் பெயிண்டைச் சுரண்டினேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. லிட்டர்.

லிட்டர் இங்கே வந்தது சுதந்திரத்துக்குப் பின்னால். சின்ன மாமனார் என் கையை விட்டார். "அப்பம் இப்ப சொன்னது என்னது?"

"அளவுத் தகட்டை மட்டும் பின்னால மாத்தியிருப்பாங்க. ஒரு சுத்துக்கு எவ்வளவு எண்ணெய் வருதுன்னு பாத்தா தெரிஞ்சிரும்."

"அத்தான், அதத் தொடாதீக! உள்ள சீமெண்ண கிடக்கு!" என்று செல்வம் கத்தினான்.

மாமனார் போனதிலிருந்து யாரும் தொடாமல், கைப்பிடி மழையீரத்தில் துருவேறி இறுகிக் கிடந்தது. உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினேன். திடீரென்று இளகியது. பம்பின் மூக்கு ஒரு சுழல் சுழன்று வீட்டுக்குள் திரும்பி, ஆங்காரத்தோடு பீச்சியது. வாசலுக்கு நேர் எதிரே மாமனார் படம், முன்னால் படையல் இலை, பக்கத்தில் பந்திக்குத் தயாராகச் சோறும் சாம்பாரும் பாயசமும். ஒன்றும் தப்பவில்லை.

"வெளக்க அமத்துங்க!" என்று யாரோ அலற, சின்ன மாமனார் பாய்ந்துபோய் ஈரத் துண்டைக் குத்துவிளக்கின் மேல் போட்டார். வீடு இருண்டது.

பசியோடு இருந்த சனம் ஒவ்வொருவராக மழையில் இறங்கிப் போனது. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பார்கள். அந்த வழக்கத்தால் தப்பித்தேன். யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கோமதியும்தான். அவள் அடுத்த பொங்கல் வரை சொல்லவில்லை.

அத்தை மட்டும் எழுந்து படையல் இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். சோற்றை ஒரு பிடி அள்ளி முகத்தருகே கொண்டுபோனார்.

"அவுக சட்ட வாடை" என்றார். "எல்லாத்தயும் தொவச்சுப் போட்டுட்டாளுவ. இப்பம்தான் அவுக வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு."

அண்ணன் செத்த அன்றுகூட அழாத சின்ன மாமனார் அதைக் கேட்டு உடைந்தார். "மதினி..." என்றார். குடையை மறந்து மழையில் நடந்துபோய்விட்டார். பம்பைப் பற்றி அவரும் பேசவில்லை, செல்வமும் பேசவில்லை. அதன் வயது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். வருசா வருசம் திதிக்குச் சின்ன மாமனார் தவறாமல் வருகிறார். இலையில் உட்கார்ந்ததும் சோற்றை எடுத்து ஒரு தடவை மோந்து பார்ப்பார். வீடே அதற்காகக் காத்திருக்கும். முற்றத்தில் எனக்குத் தனியாக இலை போட்டுவிட்டு உள்ளே போய்ச் செல்வம் சொல்வான்:

"தைரியமா சாப்பிடுங்க சித்தப்பா. அத்தான இன்னும் உள்ள விடல."