கடைசிக் கச்சேரியில் ஒரு இருமல்

நாலாவது நிமிடத்தில் யாரோ இருமினார்கள்.

சாதாரண இருமல் இல்லை. தொண்டையைச் செருமி, ஒரு கணம் யோசித்து, பிறகு பரவாயில்லை என்று துணிந்து இருமிய இருமல். பியானோ மிக மெல்லிய ஒற்றைச் சுரத்தில் வந்து நிற்கிற இடமாகப் பார்த்து இருமியிருந்தார்கள்.

"இதை எடுத்துடு" என்றார் மேனேஜர், பதிவை ஓட்டிக்கொண்டிருந்தவளிடம்.

அந்த இசைத்தட்டு நிறுவனத்தில் அவளுக்குப் பெயர் கத்தரி. ஒலிநாடாவை பிளேடால் வெட்டி ஒட்டிய காலத்திலிருந்து அங்கே வேலை பார்க்கிறாள். இப்போது வெட்டுவதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்றாலும் பெயர் மட்டும் போகவில்லை. அந்தப் பியானோவை வாசித்த மேதையின் பதிவுகளை இருபது வருடமாகச் சுத்தம் செய்து கொடுத்தவளும் அவள்தான். அவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எழுபத்தொரு வயதில் வாசித்த கடைசிக் கச்சேரியை வெளியிட அவருடைய மனைவி சம்மதித்திருந்தார்.

"இருந்துட்டுப் போகட்டுமே சார். கச்சேரின்னா நாலு பேர் இருமத்தான் செய்வாங்க."

"கடைசிக் கச்சேரிம்மா. இன்னும் நூறு வருஷம் கழிச்சும் கேப்பாங்க. நூறு வருஷமும் அந்த ஆள் இருமிட்டே இருக்கணுமா?"

கத்தரி இருமலை எடுத்தாள். கூடவே சுரமும் வந்துவிட்டது.

"ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கு சார். ஒன்னைத் தொட்டா இன்னொன்னும் போயிடுது."

"அதே சுரம் வேற எங்கேயாவது இருக்கும்ல?"

இருந்தது. அதே இசையை அவர் தன் இருபத்தாறாவது வயதில் ஒரு ஸ்டுடியோவில் வாசித்த நாடா நிறுவனத்தின் பீரோவில் கிடந்தது. அட்டைப்பெட்டியின் மேல் அவர் கையாலேயே 'வெளியிட வேண்டாம்' என்று எழுதியிருந்தார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கும்படியான முகமும் அவருக்கு இல்லை.

ஒரே ஒரு சுரம்தானே என்று கத்தரி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அதுவும் அவருடையதுதானே. வலது பாக்கெட்டிலிருந்து இடது பாக்கெட்டுக்கு மாற்றினால் திருட்டா?

வைத்துக் கேட்டாள். பழைய சட்டையில் புதுப் பொத்தான் தைத்த மாதிரி அந்தச் சுரம் தனியாகத் தெரிந்தது. ஸ்டுடியோ பியானோவின் சுருதி ஒரு மயிரிழை இறக்கம். ஏற்றினாள். இப்போது அதற்குப் பின்னால் இருந்த மௌனம் உதைத்தது. கச்சேரி மண்டபத்தின் மௌனத்தில் ஏசி லேசாக மூச்சு விட்டது. ஸ்டுடியோவின் மௌனம் கல் மாதிரி இருந்தது. சரி, அந்த ஒரு வரி முழுவதையுமே மாற்றிவிடலாம் என்று மாற்றினாள்.

மேனேஜர் கண்ணை மூடிக் கேட்டார். "இங்க ஏன் லாரி கியர் மாத்துற மாதிரி இருக்கு?"

அதுதான் வினோதம். கிழவர் அவசரமாக வாசித்திருந்தார். இளைஞர்தான் நிதானமாக, ஒவ்வொரு சுரமும் அடங்கும்வரை காத்திருந்து வாசித்திருந்தார். அந்த வேகம் மாறுகிற இடம் தெரியக்கூடாதென்று கத்தரி முதல் பகுதி முழுவதையும் மாற்றினாள். மறுநாள் இரண்டாவது பகுதியின் பியானோ வேறு ஊர்ப் பியானோ மாதிரி ஒலித்தது. அதையும் மாற்றினாள். இரண்டை மாற்றியபின் மூன்றாவது அநாதையாக நின்றது.

திரையில் கடைசிக் கச்சேரிக்கு நீலமும் பழைய நாடாவுக்கு மஞ்சளும் கொடுத்திருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதுதான் உறைத்தது. திரை முழுவதும் மஞ்சள். வலது ஓரத்தில் மட்டும் ஒரு துளி நீலம்.

"அற்புதம்மா. எங்க ஒட்டினேன்னே தெரியல" என்றார் மேனேஜர்.

"எங்கயும் ஒட்டல சார். மொத்தமும் பழைய நாடா. கடைசிக் கச்சேரியில மிஞ்சினது கைதட்டல் மட்டும்தான்."

மேனேஜர் திரையில் அந்த நீலத் துளியை விரலால் தொட்டார்.

"கைதட்டல் அன்னைக்குத் தட்டினதுதானே?"

"ஆமா சார்."

"அப்புறம் என்ன. வாசிச்சதும் அவர்தான், தட்டினதும் அவங்கதான். நடுவுல நாப்பத்தஞ்சு வருஷம். அதை விடு."

இசைத்தட்டு வெளியானது. பத்திரிகையில் விமர்சகர் உருகியிருந்தார். 'மரண வாசலில் நிற்கும் ஒருவருக்கே இந்த நிதானம் கைகூடும். இளமையில் இது சாத்தியமே இல்லை' என்று எழுதியிருந்தார். இருபத்தாறு வயதில் அவருக்கு மரண வாசலைவிட வாடகை வீட்டு வாசல்தான் நன்றாகத் தெரிந்திருக்கும் என்று கத்தரி நினைத்துக்கொண்டாள். ஆனால் சிரிப்பு வரவில்லை. இருபது வருடமாக அந்த மனிதரின் ஒரு மூச்சைக்கூடப் பொய்யாக வைக்காதவள், போனபிறகு ஆளையே மாற்றிவிட்டாள்.

அவருடைய மனைவி வீட்டுக்கு வரச்சொல்லி காரை அனுப்பினார். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் கத்தரி ஏறினாள்.

கூடத்தில் பியானோ மூடியிருந்தது. மூடியின் மேல் அவருடைய மூக்குக் கண்ணாடியும் புது இசைத்தட்டும் இருந்தன.

"வாம்மா. நாலு தடவை கேட்டுட்டேன்" என்றார் அந்த அம்மாள். "யாரோ இருமினாங்களே, எடுத்துட்டீங்க போல?"

"ஆமாம்மா. அதைப்பத்திதான் உங்ககிட்ட..."

"நல்லதாப் போச்சு." அவர் கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைத்தார். "உனக்கு ஒன்னு தெரியுமா? கடைசி ரெண்டு வருஷம் அவருக்குக் கையில நடுக்கம். வெளிய தெரியக்கூடாதுன்னு எல்லாத்தையும் வேகமா வாசிச்சுத் தப்பிச்சிடுவார். அன்னைக்கு நான் முதல் வரிசையில உக்காந்து அந்தக் கையையேதான் பாத்துட்டிருந்தேன். எங்க மாட்டிக்கப்போறாரோன்னு பயம். பாட்டு ஒன்னும் காதுல விழலை."

கத்தரி பியானோ மூடியின் மேலிருந்த இசைத்தட்டைப் பார்த்தாள்.

"இப்பதான் கேக்கிறேன். நடுக்கமே இல்லை. எவ்வளவு நிதானமா வாசிச்சிருக்கார் பாரு. நான்தான் வீணா பயந்திருக்கேன்." கண்ணாடியை இருந்த இடத்திலேயே வைத்தார். "நீ ஏதோ சொல்ல வந்தியே?"

"ஒன்னுமில்லைம்மா. இருமலைப் பத்தித்தான்."

திரும்பும்போதும் அதே கார். டிரைவர் அந்த வீட்டில் முப்பது வருடமாக இருப்பவர்; கேட்டாலொழிய வாய் திறக்காதவர். இரண்டு தெரு தாண்டியதும் அவராகவே ஆரம்பித்தார்.

"அந்த சிடியை நானும் கேட்டேன் மேடம்."

"நல்லா இருந்துதா?"

"அது கடைசிக் கச்சேரி இல்லையே."

கத்தரி முன் சீட்டுப் பக்கம் சாய்ந்தாள். "உங்களுக்கு எப்படி..."

"அதே வாசிப்பு சார்கிட்ட கேசட்டா இருந்தது, முப்பது வருஷமா இந்தக் கார்லதான் ஓடுது மேடம். கச்சேரிக்குப் போற வழியில அதைத்தான் போடச் சொல்லுவாரு. தனியாப் போறப்ப மட்டும்."

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை." சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். "அன்னைக்கு அம்மா முன்னாடியே மண்டபத்துக்குப் போயிட்டாங்க. சார் தனியாத்தான் வந்தாரு. கேசட் முடியற வரைக்கும் இறங்கவே இல்லை. அப்புறம் கையை ரெண்டு தடவை உதறிட்டு, 'இன்னைக்கு ஒரு நாளாவது இந்தப் பயல் மாதிரி வாசிச்சிடணும்ப்பா'ன்னு சொல்லிட்டுத்தான் உள்ள போனாரு."