மேலயே போடு

ஒரு கம்ப்யூட்டரை நான் ரெண்டே வார்த்தையில் காலி பண்ணியிருக்கிறேன். இதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரி சொல்லி நீங்கள் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

நான் பேச்சு குறைந்த ஆள். படிப்பு அதைவிடக் குறைவு. எட்டாவது. (அதில் ரெண்டு வருஷம் இருந்தேன். ஒன்பது என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.) கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் ஃபோர்மேன். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பேர். மேஜை ஒன்றுதான் இருக்கும், அதிலும் குச்சி காயும்.

எங்கள் ஆபீஸில் ஒரே குச்சி, ஒரே மருந்து, ஒரே பெட்டி. லேபிள் மட்டும் மூன்று. வடக்கே போகிறதுக்கு மயில். கேரளாவுக்குப் படகு. உள்ளூருக்கு மணி. மயில் வாங்குகிறவர், மயில்தான் நின்று எரியும், படகு நமுத்துப்போகும் என்று அடித்துச் சொல்வார். படகு வாங்குகிறவர் மயிலைப் பற்றி அதையே சொல்வார். ஒரு தடவை படகு ஆர்டர் பாதியில் நின்றுபோனது. ஒட்டின படகு மேலேயே மயிலை ஒட்டி வடக்கே அனுப்பினோம். இந்தத் தடவை மயில் பிரமாதம் என்று கடிதம் வந்தது.

இருபது வருஷம் இந்த வேலை பார்த்தவனுக்கு, உலகத்தில் எல்லாச் சரக்கும் அப்படித்தான் என்று ஒரு ஞானம் வந்துவிடும். எனக்கு வந்துவிட்டது. அதுதான் வினை.

என் மகள் செல்வி காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பு சேர்ந்தாள். ரெண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். வீட்டில் ஒரு பெட்டி வேண்டும் என்றாள். எது வாங்க என்று மூன்று இடத்தில் விசாரித்தேன்.

காலேஜில் அவளுடைய சார், பறவைப் படம் போட்டதைத்தான் வாங்க வேண்டும் என்றார். வெள்ளை வயிறு, குட்டைக் கால், பெங்குவினாம். அது சும்மா கிடைக்கும், யாருக்கும் அடிமை இல்லை, அது ஒரு விடுதலை என்று ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில், வேறு எதையும் வாங்கினால் செல்வியை லேபுக்குள் விடமாட்டேன் என்றார். விடுதலை அந்த அளவுக்கு இருந்தது.

ஆபீஸில் சின்ன முதலாளி ஜன்னல் படம் போட்டதுதான் என்றார். உலகமே இதில்தான் ஓடுகிறது என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே அது நின்றுபோனது. அவர் பேச்சை நிறுத்தாமலே சுவிட்சை அணைத்துப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ரொம்பப் பழக்கப்பட்ட கை.

லேபிள் அடிக்கிற பிரஸ்ஸில் படம் வரைகிறவர் வைத்திருந்தது கடித்த ஆப்பிள். அந்த அறைக்கு மட்டும் ஏசி. செருப்பை வெளியே விட வேண்டும். மற்றதெல்லாம் தகர டப்பா, இது கலை என்றார். விலை கேட்டேன். சொன்னார். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்று பேரையும் எனக்கு முன்னாலேயே தெரியும். மயில்காரர், படகுக்காரர், மணிக்காரர். உள்ளே ஒரே குச்சியாகத்தான் இருக்கும். செல்வி பறவை கேட்டாள். பறவையே வாங்கிப் போட்டேன்.

ரெண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. செல்வி கடைசி வருஷத்துக்கு வந்தாள். பஸ் நேரம் சொல்கிற ஒரு புரோகிராம் எழுதினாள். ஊர்ப் பேரை அடித்தால், கோவில்பட்டியிலிருந்து அந்த ஊருக்கு எந்தெந்த நேரத்தில் பஸ் என்று வரும். அதுதான் அவளுக்குப் பரீட்சை. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து ஓட்டிப் பார்ப்பார். ஓடினால் பட்டம். ஓடாவிட்டால் இன்னும் ஆறு மாசம். ஆறு மாசமாக உட்கார்ந்து எழுதினாள். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது சின்ன முதலாளி என் கையில் ஒரு சிடியைக் கொடுத்தார். வேலைக்கு வந்தவர்கள் பேரை இனி நோட்டில் எழுத வேண்டாம், அடுத்த மாசம் முதல் எல்லாம் கம்ப்யூட்டரில், வீட்டில் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள் என்றார். வீட்டில் போட்டேன். பறவை அசையவில்லை. அது ஜன்னலில்தான் ஓடுமாம்.

செல்வியிடம் கேட்டிருக்கலாம். அறுபது பொம்பளைகளை வேலை வாங்குகிறவன், மகளிடம் போய் எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்ல. (இன்றைக்கு நினைத்தால், ரொம்பச் சுலபமாகச் சொல்லியிருக்கலாம்.)

திங்கட்கிழமை பரீட்சை. வேலையெல்லாம் முடித்து, எழுதினதை முழுக்கப் பிரிண்ட் எடுத்து பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டு, தோழியின் அக்கா கல்யாணத்துக்கு மணியாச்சி போனாள் செல்வி. வெள்ளிக்கிழமை நான் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி காதர் கடைக்குக் கொண்டுபோனேன். அதை எங்களுக்குப் பூட்டிக் கொடுத்தவன் அவன்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். விஷயத்தைச் சொன்னேன். ஜன்னல் வேணும். அவ்வளவுதான் சொன்னேன்.

"அண்ணாச்சி, மேலயே போட்டா பழசு போயிரும். இல்லன்னா பக்கத்துல தனியா வச்சுத் தாரேன், ரெண்டும் இருக்கும். எப்படிச் செய்ய?"

யோசித்தேன். ஒரு பெட்டியில் ரெண்டு லேபிள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எங்கள் தொழிலில் அதற்குப் பேர் போலிச் சரக்கு. குடோனிலிருந்து திரும்பி வந்துவிடும். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டுவதுதான் முறை.

"மேலயே போடு" என்றேன்.

"உள்ள முக்கியமா ஏதும் இருக்கா?"

"பறவைதான் இருக்கு."

அவன் சிரித்தான். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டான். என்னை அப்படி நினைத்த ஒரே ஆள் அவன்.

சாயந்திரம் வீட்டில் வைத்துப் போட்டேன். திரையில் பச்சைப் புல் மேடு, நீல வானம். எங்கள் கரிசல் பக்கம் அவ்வளவு பச்சையை யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை. எந்த ஊர்லங்க இம்புட்டு மழை என்று வீட்டுக்காரி கேட்டாள். சிடியைப் போட்டேன். ஓடியது. பத்து பொம்பளைகள் பேரை ஒற்றை விரலால் அடித்தேன். அன்றைக்கு எனக்கு ரெண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

சனிக்கிழமை மத்தியானம் செல்வி வந்தாள். தலையில் கல்யாணப் பூ, கையில் தாம்பூலப் பை. பையைக்கூடக் கீழே வைக்காமல் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

"அப்பா, பறவை எங்க?"

"அடியில இருக்கு."

"எதுக்கு அடியில?"

"ஜன்னலுக்கு."

அவள் என்னையே பார்த்தாள். விளக்கிச் சொன்னால் தெளிவாள் என்று நினைத்தேன். "மேல ஒட்டுனதுதான தாயி. தண்ணியைத் தொட்டு உரிச்சா பழசு வந்துரும்லா."

அவள் அழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஆறு மாசம்ப்பா" என்றாள்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. பேச்சைக் குறைப்பது எங்கள் ரத்தத்திலேயே உண்டு. எதிரே நிற்கிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிளாப்பியில் ஒரு காப்பி இருந்தது. அது எங்கள் ஊர் வெயிலில் முன்னமே செத்திருந்தது. (இதில் எனக்குப் பங்கில்லை.) மிச்சம் இருந்தது பைண்டிங் புத்தகம் ஒன்றுதான். எழுதினது முழுக்க அதில் முப்பத்தி நாலு பக்கம். செல்வி ஓடிப்போய் வாங்கிவந்தாள். பசைகூடச் சரியாகக் காயவில்லை.

காதரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "பக்கத்துல வைக்கலாம்னு நேத்தே சொன்னேனே அண்ணாச்சி" என்றான். அன்று சாயந்திரத்துக்குள் புதுப் பறவை ஒன்றை ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தும் விட்டான். போட்டவுடன் எது வேண்டும் என்று அதுவே கேட்டது. பறவையும் ஜன்னலும் ஒரு வீட்டில் ரெண்டு குடித்தனம் மாதிரி இருந்தன. எது நல்லது என்று சண்டை போட்ட பெரிய மனுஷர்கள் யாரும் இதை என்னிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவர்களுக்குப் பேச ஒன்றும் இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். செல்வி அடிப்பாள், கண்ணை எடுக்க மாட்டாள். பக்கத்தில் ஒரு ஆள் புத்தகத்தைப் பார்த்து எழுத்து எழுத்தாக வாசிக்க வேண்டும். வீட்டுக்காரிக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. எனக்கு லேபிள் படித்துப் படித்துத் தெரியும். ஆக, வாய் திறக்காதவன் வாசிக்க உட்கார்ந்தேன்.

எழுத்தைச் சமாளித்தேன். நடுவில் வந்த குறிகளுக்குப் பேர் தெரியாது. நானே வைத்தேன். வளைந்த அடைப்பு, மீசை. அதை மூடுகிறது, திருப்பின மீசை. கமாவுக்கு மேல் புள்ளி இருந்தால் பொட்டு வைத்த கமா. குறுக்கும் நெடுக்கும் ரெண்டு கோடு, முள்வேலி. ஒன்று மட்டும் ஒருத்தன் காலை மடக்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவனுக்கு உட்கார்ந்தவன் என்றே பேர். முதல் பக்கத்தில் செல்வி முறைத்தாள். மூன்றாவது பக்கத்தில் அவளுக்கே பழகிவிட்டது.

"மீசை. உட்கார்ந்தவன். எக்ஸ். பொட்டு வச்ச கமா. மீசையைத் திருப்பு."

பத்து மணி வாக்கில் பக்கத்து வீட்டு அக்கா வந்து, அண்ணன் யார்கூடச் சண்டை போடுதாவ, மீசையத் திருப்புவேங்காவளே என்று விசாரித்துவிட்டுப் போனாள். மத்தியானம் என் தொண்டை கட்டியது. வீட்டுக்காரி பனங்கற்கண்டைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கல்யாணமாகி இருபத்தி ரெண்டு வருசம்" என்றாள் செல்வியிடம். "இவியகிட்ட இம்புட்டுப் பேச்சு இருக்குன்னு இன்னைக்குத்தான் பாக்குதேன். அதுலயும் எனக்குன்னு ஒரு சொல்லு இல்ல பாரு."

விளக்கு வைக்கிற நேரத்தில் முடித்தோம். தப்பாக அடித்த இடங்களைப் பறவையே காட்டிக் கொடுத்தது. செல்வி சாத்தூர் என்று அடித்தாள். பஸ் வந்தது. எட்டயபுரம் அடித்தாள். வந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். சிரித்தாள் என்று சொல்ல முடியாது. முறைக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் அதைப் புதுப் பிளாப்பியில் ஏற்றி எடுத்துக்கொண்டு போனாள். நான் லீவு சொல்லிவிட்டு காலேஜ் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன். ரெண்டு மணிக்கு வந்தாள். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. (யார் மகள்.)

நடந்தது இதுதான். பரீட்சைக்கு வந்தவர் அன்று காலையில் விளாத்திகுளத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர். உட்கார்ந்ததும் விளாத்திகுளம் என்று அடித்திருக்கிறார். அந்த ஊருக்கு பஸ் இல்லை என்று வந்திருக்கிறது. அவர் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்திருக்கிறார். அப்ப நான் எதுலம்மா வந்தேன் என்று கேட்டிருக்கிறார்.

செல்விக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. பைண்டிங் புத்தகத்தை விரித்தாள். ரெண்டு தாள் பசையில் ஒட்டிக் கிடந்தது. நான் ரெண்டையும் ஒன்றாகத் திருப்பியிருக்கிறேன். அவர் முன்னாலேயே நகத்தைக் கொடுத்துக் கிழியாமல் உரித்திருக்கிறாள். விளாத்திகுளத்து பஸ் எல்லாம் நேரம் மாறாமல் உள்ளே நின்றது.

"அடியில இருந்துச்சுப்பா" என்றாள். "நீங்க சொன்ன மாதிரியே."

அதற்குப் பிறகு அவள் முழுக் கதையையும் அவரிடம் சொல்லியிருக்கிறாள். மனுஷர் மேஜையைத் தட்டிச் சிரித்திருக்கிறார். விட்டுப்போனதை அங்கேயே அடிக்கச் சொல்லி, ஓடினதைப் பார்த்து, பாஸ் போட்டுவிட்டார். மார்க்கில் கொஞ்சம் குறைத்தார். அந்தக் குறைந்த மார்க் என்னுடையது.

ஆபீஸில் கம்ப்யூட்டர் ரெண்டு மாசம் ஓடியது. பிறகு சின்ன முதலாளியே, நோட்டுதான் சரி, கரண்டு போனாலும் தெரியும் என்றார். அந்த சிடியை மச்சான் வாங்கிப்போய் மிளகாய்க் காட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டான். வெயில் பட்டு மின்னும்போது பறவைகள் பக்கத்தில் வராது. ஜன்னல் பறவையை விரட்டினதை அங்கேதான் உண்மையாகப் பார்த்தேன்.

செல்விக்கு மதுரையில் வேலை கிடைத்தது. கல்யாணமும் முடிந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் விளாத்திகுளம். (பஸ் இருக்கிறது. நேரிலேயே போய் விசாரித்துவிட்டேன்.) எங்கள் வீட்டில் இன்றுவரை சோற்றுக்குக் குழம்பு ஊற்றும்போது, மேலயே போடவா, பக்கத்துல வைக்கவா என்று என்னைக் கேட்காமல் ஊற்றுவதில்லை.

மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கும் எனக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை. வீட்டுக்காரி கரண்டியோடு வந்து, குழம்பை மேலயே விடட்டுமா மாப்பிள்ளை என்றாள். வாய் தவறி வந்ததா, வேண்டும் என்றே கேட்டாளா தெரியாது. மாப்பிள்ளை சட்டென்று சோற்றை உள்ளங்கையால் மறைத்தார்.

"பக்கத்துலயே விடுங்க அத்தை. அடியில எங்க ஊரு இருக்கு."

செல்வி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறாள். கூடம் முழுக்கச் சிரித்தது. நான் மோர்ச் சொம்பை எடுத்து என் சோற்றில் ஊற்றிக்கொண்டேன்.

மேலயே.