ஊரே சேர்ந்து தோற்கடித்த நாக்கு டாக்டர்

காரிமங்கலம் வட்டாரத்தில் நாக்கு டாக்டரிடம் நாக்கை நீட்டாதவர் ஒருவரும் கிடையாது. காலில் முள் குத்திக்கொண்டு போனாலும் அவர் முதலில் சொல்வது, "நாக்க நீட்டுங்க" என்பதுதான். சொந்தப் பெயர் கிளினிக் போர்டில் இருந்தது. யாரும் படித்ததில்லை.

அவருக்குத் திடீரென்று அரசியல் ஆசை வந்துவிட்டது. சாக்கடை நாறிக் கிடந்தால் நான் மாத்திரை கொடுத்து என்ன பிரயோஜனம் என்று சொல்லி, எங்கள் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றார். மற்ற வேட்பாளர்கள் கும்பிட்டார்கள். இவர் எதிரே கும்பிட்ட கையைப் பிடித்து நாடி பார்த்தார். "ஒடம்புல ரத்தமே இல்ல, கேவுரு களி தின்னுங்க" என்று அதட்டிவிட்டு, ஓட்டுக் கேட்க மறந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். தன் கூட்டத்துக்கு வந்தவர்கள் பஜ்ஜி தின்பதைப் பார்த்து, எண்ணெய் ஆகாது என்று மைக்கிலேயே திட்டினார். அப்படியும் ஜெயித்தார்.

தலைவரான பிறகும் மாறவில்லை. ரோட்டில் குழி என்று புகார் சொன்னவரிடம், "எவ்ளோ நாளா இருக்குது? மழைக்கு ஜாஸ்தி ஆவுதா?" என்று விசாரித்தார். தண்ணீர்த் தொட்டி மோட்டாரில் ஸ்டெத்தஸ்கோப்பை வைத்துக் கேட்டு, "இதுக்கு ரெஸ்ட் குடுங்க" என்றார். ஆபரேட்டர் சிரித்தார். அந்த வாரமே மோட்டார் புகைந்துவிட்டது.

சாக்கடை சுத்தமானது. தெருவிளக்கு எரிந்தது. கிளினிக் மட்டும் பூட்டிக் கிடந்தது, டாக்டர் எந்நேரமும் தர்மபுரியில் மீட்டிங்கில் இருந்தார். என் அம்மாவுக்கு மூச்சிரைப்பு. டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலே பாதி இறங்கிவிடும். இப்போது பஸ் பிடித்துப் பாலக்கோட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. ஒருமுறை போகிற வழியிலேயே அம்மாவின் உதடு நீலம் பாரித்துவிட்டது.

அடுத்த தேர்தலிலும் டாக்டர் நின்றார். எல்லா வீட்டிலும் காபி கொடுத்து, "எங்க வூட்டு ஓட்டு உங்களுக்குத்தாங்க" என்றார்கள். டெபாசிட்டே போய்விட்டது.

மறுநாள் காலை தொங்கிய முகத்தோடு கிளினிக்கைத் திறக்க வந்தவர், வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"இவ்ளோ பேரு இருக்கறீங்களே, போட்டிருந்தா ஜெயிச்சிருப்பனே?"

முதல் ஆளாகக் காத்திருந்த என் அம்மாதான் பதில் சொன்னார். "தெருவெளக்க வேற யாராச்சும் பாத்துக்குவாங்க சார். எங்களப் பாக்கறதுக்கு நீங்க ஒருத்தர்தான இருக்கறீங்க?"

டாக்டருக்குப் பூட்டின் துவாரம் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாவியை வாங்கி நான்தான் திறந்துவிட்டேன்.

என் ஓட்டும் அவருக்கு விழவில்லை. அவ்வளவு பிடிக்கும் எங்களுக்கு அவரை.